ஜீரோவை நகர்த்தியவர்

குரு என்றால் தாடி வேண்டும், ஆசிரமம் வேண்டும் என்று நினைப்பவர்கள் எங்கள் துறைமுகத்துப் பக்கம் வர வேண்டாம். எங்கள் குருவுக்கு முப்பத்தோரு வயது. பெயர் ருகையா. சென்னையில் ஆறு வருஷம் கம்ப்யூட்டர் விளையாட்டுகளில் பொம்மைகளை ஓட வைக்கும் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவள். சீடருக்கு ஐம்பத்தேழு. வியாகுலம் அண்ணாச்சி. மீனவர் சங்கத்து வயர்லெஸ் முன்னால் இருபத்தாறு வருஷம் உட்கார்ந்தவர்.

நான் அந்தச் சங்கத்தின் செக்ரட்டரி. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று ஊரே சொல்லும். சொல்லட்டும். இந்தக் கதையில் நான் கோபப்பட்டது ரெண்டு தடவை, ரெண்டு தடவையும் தப்பான ஆள் மேல்.

கடலில் எஞ்சின் நின்றுபோனால் படகு சும்மா நிற்காது. காற்றும் நீரோட்டமும் அதைத் தள்ளிக்கொண்டே போகும். எவ்வளவு நேரத்தில் எங்கே போயிருக்கும் என்று கணக்குப் போட்டுச் சொல்ல ருகையா எங்களுக்கு ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்தாள். அவள் எழுத எழுத அண்ணாச்சி பக்கத்திலேயே உட்கார்ந்து கற்றுக்கொண்டார். ரெண்டு வருஷமாக அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறார். அவள் உள்ளே வந்தால் எழுந்து நிற்பார். எனக்கு அவள் மகள் வயசு, நான் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவேன்.

இந்த ருகையாவிடம் எனக்குப் பிடிக்காத ஒரே குணம், கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்ல மாட்டாள். ஒரு நாள் அண்ணாச்சி, நான் சொன்னதைச் செய்யாமல் கம்ப்யூட்டர் ஏன் வேறு எதையோ செய்கிறது என்று கேட்டார். ருகையா அவரிடம் டீ சொல்லச் சொன்னாள். அவர் ஜன்னல் வழியாக டீ வேணும் என்று குரல் கொடுத்தார். ஒரே ஒரு டீ வந்தது. அறையில் நாங்கள் நாலு பேர். ருகையா அந்த டீயை எடுத்துக் குடித்துவிட்டு வேலையைப் பார்த்தாள். அண்ணாச்சி அன்று பூராவும் தனக்குள்ளேயே சிரித்துக்கொண்டிருந்தார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

வரைபடத்தில் எல்லாத் தூரத்தையும் ஏதாவது ஓர் இடத்திலிருந்து அளக்க வேண்டும். அந்த இடத்தை இவர்கள் ஜீரோ என்பார்கள். எங்கள் ஜீரோ கலங்கரை விளக்கம். கிழக்கே பத்து, வடக்கே மூன்று என்றால் கலங்கரை விளக்கத்திலிருந்து பத்து கிலோமீட்டர் கிழக்கே, மூன்று கிலோமீட்டர் வடக்கே. அப்பன் காலத்திலிருந்து எல்லோரும் அங்கிருந்துதான் அளந்தார்கள். போன மாதம் புது அலைத்தடுப்புச் சுவர் கட்டி முடிந்தது. இனிமேல் அந்தச் சுவரின் முனைதான் ஜீரோ, எல்லாப் படகும் அங்கிருந்துதான் கணக்குச் சொல்ல வேண்டும் என்று சங்கத்தில் தீர்மானம் போட்டோம். போட்டதே நான்தான்.

சுவர் முனை கலங்கரை விளக்கத்துக்குக் கிழக்கே ஒரு கிலோமீட்டர், வடக்கே நாலு கிலோமீட்டர். ருகையா அப்போது ஊரில் இல்லை. அவளுடைய சின்னம்மா மகள் கல்யாணத்துக்குப் பத்து நாள் லீவில் போயிருந்தாள். அண்ணாச்சிக்குப் பொறுக்கவில்லை. டீச்சர் வருவதற்குள் முடித்துக் காட்டுகிறேன் என்று உட்கார்ந்தார். புரோகிராமில் எண் ஜோடி எங்கெல்லாம் இருந்ததோ அங்கெல்லாம் கிழக்கில் ஒன்றைக் கழித்தார், வடக்கில் நாலைக் கழித்தார். ஏழு இடம். திரையில் படகுகள் எல்லாம் புது இடத்தில் கச்சிதமாக வந்து உட்கார்ந்தன. அன்று எனக்கு அவர் தலைகால் புரியாமல் பரோட்டா வாங்கிக் கொடுத்தார்.

ருகையா திரும்பி வரவேண்டிய வெள்ளிக்கிழமை காலை ஐந்து மணிக்கு வயர்லெஸ்ஸில் கிளாட்வின் குரல் கேட்டது. கிளாட்வின் அண்ணாச்சியின் மருமகன். கூட ஒரே ஓர் ஆளோடு ஃபைபர் படகில் போயிருந்தான். எஞ்சின் நின்றுவிட்டது, அடியில் விரிசல், தண்ணீர் ஏறுகிறது என்றான். இருக்கிற இடத்தைச் சொன்னான். படகுக் கருவிகளை நாங்கள் இன்னும் மாற்றவில்லை; கலங்கரை விளக்கத்திலிருந்து கிழக்கே பதினைந்து, வடக்கே ஆறு, அதாவது சுவர் முனையிலிருந்து கிழக்கே பதினாலு, வடக்கே இரண்டு. அதோடு சத்தம் நின்றுவிட்டது. வயர்லெஸ்ஸும் நனைந்துபோயிருக்கும்.

அண்ணாச்சி பதறவில்லை. அதுதான் அவர். புரோகிராமைத் திறந்து அந்த இடத்தைக் கொடுத்தார். கடலில் நாங்கள் போட்டிருக்கும் மிதவை நீரோட்டத்தையும் காற்றையும் அளந்து அனுப்பிக்கொண்டே இருக்கும். கணக்கு வந்தது. படகு மணிக்கு ரெண்டு கிலோமீட்டர் வீதம் நேர் தெற்கே போகிறது.

எங்கள் ஆட்களிலேயே கெட்டிக்காரன் சந்தியாகு. அவன் படகைத் தெற்கே அனுப்பினேன். அரசாங்கக் கப்பலுக்கும் தகவல் சொன்னோம். அது இருந்த தூரத்துக்கு வந்துசேரச் சாயங்காலம் ஆகிவிடும். விரிசல் விட்ட படகு சாயங்காலம் வரை தாங்காது என்பது அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும்.

எட்டு மணிக்குச் சந்தியாகு அங்கே போய்ச் சேர்ந்தான். ஒன்றும் இல்லை. இன்னும் தெற்கே போகச் சொன்னது கணக்கு. போனான். ஒன்பது மணிக்கும் ஒன்றும் இல்லை. பத்து மணிக்கு வயர்லெஸ்ஸில் அவன் என்னைத் திட்ட ஆரம்பித்தான். காற்று தெற்கே இருந்து அடிக்கிறது, என் முகத்தில் அறைகிறது, எஞ்சின் இல்லாத படகு எதிர்காற்றில் எப்படி இங்கே வரும், உன் மெஷினைத் தூக்கிக் கடலில் போடு என்றான்.

எனக்கு வந்ததே கோபம். முதல் தடவை அதுதான். மேலே காற்று ஒரு பக்கம் அடித்தாலும் அடியில் நீரோட்டம் இன்னொரு பக்கம் இழுக்கும், இது தெரியாமலா நீ இத்தனை வருஷம் கடலுக்குப் போகிறாய் என்று கத்தினேன். போன மாதம் இதே கணக்கை வைத்துத்தான் காணாமல் போன படகைப் பிடித்தோம், வாயை மூடிக்கொண்டு தெற்கே போ என்றேன். அவன் போனான். நான் சொன்னால் கேட்கிறவன். 

மேஜை மேல் அண்ணாச்சியின் போன் துடித்துக்கொண்டே இருந்தது. மகள். அவர் எடுக்கவில்லை. கவிழ்த்து வைத்தார்.

பத்தே முக்காலுக்கு ருகையா பஸ்ஸிலிருந்து நேராக வந்தாள், கையில் கல்யாண வீட்டுப் பலகாரப் பையோடு. நான் அவசர அவசரமாக நடந்ததைச் சொன்னேன். அவள் பையைக் கீழே வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தாள். படகின் பாதையாகப் போட்டிருந்த அம்புக்குறி தெற்கே பார்த்து நின்றது.

"ஜீரோவை மாத்துனீங்களா அண்ணாச்சி?"

"ஆமா டீச்சர். ஒண்ணு விடாம எல்லாத்துலயும் கழிச்சேன். ரெண்டு ரெண்டு எண்தானே. ஒண்ணுல கழிச்சு ஒண்ணுல விட்டிருந்தாத்தானே தப்பு வரும்? எனக்குப் புரியல டீச்சர். எங்க தப்பு பண்ணினேன்?"

அவர் குரல் அப்போதுதான் உடைந்தது.  ருகையா வாங்க என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே ஓடினாள்.

எங்கள் அலுவலக வாசலில் மணல் நிரப்பிய எண்ணெய் டின்னில் ஒரு மூங்கில் கம்பு சொருகியிருக்கும். அதில் சங்கத்துக் கொடி. அவள் அந்தக் கம்பைப் பிடுங்கி எடுத்தாள். கொடி படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

"கொடி எங்க பாக்குது?"

"வடக்க. கொஞ்சம் கிழக்க சாஞ்சு."

அவள் கம்பைத் தூக்கிக்கொண்டு ஐஸ் பேக்டரிச் சுவர் வரை ஓடினாள். நூறு அடி இருக்கும். வலை காயப் போட்டுக்கொண்டிருந்த பெண்கள் எல்லோரும் வேடிக்கை பார்த்தார்கள். எனக்கு ரெண்டாம் தடவையாகக் கோபம் வந்தது. ரெண்டு உயிர் தண்ணீரில் கிடக்கிறது, இவளுக்குக் கொடிப் பிடித்து விளையாட்டா? அங்கிருந்தே வாய்க்கு வந்தபடி ஏசினேன். அவள் காதில் வாங்கவே இல்லை. அண்ணாச்சி மூட்டு வலியோடு அவள் பின்னால் ஓடினார்.

"இப்போ எங்க பாக்குது?"

"அதே வடக்கதான்."

"கம்பை நூறு அடி தள்ளிக் கொண்டு வந்துட்டேனே அண்ணாச்சி. கொடியும் நூறு அடி திரும்பியிருக்கணும்ல?"

அண்ணாச்சி கம்பின் அடியைப் பார்த்தார். பிறகு கொடியைப் பார்த்தார்.  நான் பக்கத்தில் போவதற்குள் அவர் திரும்பி ஓட ஆரம்பித்துவிட்டார். அந்த மனுஷன் அப்படி ஓடி என் வாழ்நாளில் நான் பார்த்ததில்லை. ஒரு செருப்பு வழியிலேயே கழன்று கிடந்தது.

நான் ருகையாவைப் பிடித்துக்கொண்டேன். தெரிந்தவள் நீயே உட்கார்ந்து திருத்த வேண்டியதுதானே, இந்த நேரத்தில் பாடம் எதற்கு என்று கேட்டேன். ஏழு இடத்தில் மாற்றியிருக்கிறார், எது எது என்று அவருக்குத்தான் தெரியும், நான் தேடினால் அரை மணி நேரம் ஆகும் என்றாள். சொல்லிக்கொண்டே அவளும் உள்ளே ஓடினாள்.

அண்ணாச்சி விசைப்பலகை முன்னால் உட்கார்ந்திருந்தார். மூச்சு வாங்கியது. ருகையா பின்னால் நின்றாள், எதையும் தொடவில்லை.

"மிதவை நிக்கிற இடம்," என்றார் அண்ணாச்சி.

"கம்பா, கொடியா?"

"கம்பு."

"அப்ப கழிச்சது கழிச்சதாவே இருக்கட்டும்."

"கிளாட்வின் கடைசியா சொன்ன இடம். அதுவும் கம்பு. சந்தியாகு இருக்கிற இடம் கம்பு. துறைமுக வாய் கம்பு." விரல் திரையில் இறங்கிக்கொண்டே வந்தது. நின்றது. "நீரோட்டம்."

ருகையா திரையருகே குனிந்தாள்.

"கொடி," என்றார். "கொடியில போயி கழிச்சிருக்கேன் டீச்சர். கிழக்க ஒண்ணு, வடக்க ரெண்டுன்னு மிதவை சரியாத்தான் அனுப்பியிருக்கு. நான் வடக்குல நாலைக் கழிச்சுத் தெக்க ரெண்டாக்கிட்டேன். கிழக்க ஒண்ணையும் கழிச்சு இல்லாம ஆக்கிட்டேன்."

கழித்ததை எடுத்தார். அடுத்து காற்று. அது தனி எண் ஜோடியாக இருந்தது, கொடியேதான். அதையும் எடுத்தார். நல்லவேளை, இன்றைக்குக் காற்றின் தள்ளலையும் மிதவை நீரோட்டத்தோடு சேர்த்தே அனுப்பியிருந்தது, இல்லாவிட்டால் தப்பு ரெட்டிப்பாகியிருக்கும் என்று முணுமுணுத்தார்.

ஏழாவது ஒன்று மிச்சம். அங்கே அவர் கை நின்றுவிட்டது. தேடும் படகிலிருந்து காணாமல் போன படகு எவ்வளவு தூரம், எந்தப் பக்கம் என்பது அது.

"இது என்னது டீச்சர்? ரெண்டு பக்கமும் கம்புதானே இருக்கு."

"ஜீரோவை நகத்திப் பாருங்க."

அண்ணாச்சி கண்ணை மூடினார். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். என் உயிர் என்னிடம் இல்லை.

"ஜீரோ நகந்தா ரெண்டு கம்போட எண்ணும் மாறும்," என்றார் மெதுவாக. "ஆனா சந்தியாகு கிளாட்வினைத் தேடிப் போற வழி மாறாது. அவன் போக வேண்டியது போக வேண்டியதுதான்." கண்ணைத் திறந்தார். முகம் பளிச்சென்று ஆகிவிட்டது. மருமகன் கடலில் கிடக்கிறான், இந்த மனுஷன் முகத்தில் சந்தோஷம் வழிகிறது. "கம்புல இருந்து கம்பைக் கழிச்சா கொடி! டீச்சர், கம்புல இருந்து கம்பைக் கழிச்சாக் கொடி வருது!"

"எடுங்க அண்ணாச்சி, சீக்கிரம்."

எடுத்தார். கணக்கை மறுபடி ஓட விட்டார். திரையில் அம்புக்குறி ஒரே வீச்சில் தெற்கிலிருந்து வடக்கே திரும்பியது. அறையில் யாரோ ஆண்டவரே என்றார்கள். நானாகத்தான் இருக்கும்.

மணி பதினொன்று. ஆறு மணி நேரமாகக் கிளாட்வின் வடக்கே போய்க்கொண்டிருக்கிறான், நாங்கள் அவனைத் தெற்கே தேடிக்கொண்டிருக்கிறோம். நடுவில் இருபத்தைந்து கிலோமீட்டர். நான் வயர்லெஸ்ஸை எடுத்தேன். கிளாட்வின் இப்போது எங்கே இருக்கிறானோ அந்த இடத்தைச் சந்தியாகுவுக்குச் சொல்லப் போனேன். அண்ணாச்சி என் கையைப் பிடித்துவிட்டார்.

"இப்ப இருக்கிற இடத்தைச் சொல்லாதீங்க. சந்தியாகு போய்ச் சேர ஒரு மணி நேரம் ஆகும். அதுக்குள்ள அவன் இன்னும் நகந்திருப்பான். அஞ்சு மணிக்கு நின்ன கம்பு, அதோட ஏழு மணி நேரத்துக் கொடியைச் சேத்தா பன்னண்டு மணிக் கம்பு." விரல் விட்டு எண்ணினார். மெஷினைப் பார்க்கவே இல்லை. "கிழக்க இருபத்தொண்ணு, வடக்க பதினாறு."

ருகையா திரையைப் பார்த்தாள். அதே எண்கள்தான் அங்கேயும் இருந்தன. அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

சுவர் முனையிலிருந்து என்று சேர்த்தே சந்தியாகுவுக்குச் சொன்னேன். அவன் என் பரம்பரையையே இழுத்துத் திட்டினான். எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டேன். திட்டி முடித்துவிட்டு, எஞ்சின் கருகினாலும் பரவாயில்லை, வடக்கே விடுகிறேன் என்றான்.

அந்த ஒரு மணி நேரம் இருக்கிறதே, அதை எப்படிச் சொல்வது. நான் அறைக்கும் வாசலுக்குமாக நடந்தேன். யாரும் கேட்காமலே கொடியைக் கொண்டு வந்து டின்னில் சொருகினேன். ருகையா பலகாரப் பையைப் பிரித்து ஆளுக்கொரு அதிரசம் நீட்டினாள், யாரும் வாங்கவில்லை. வாய் சும்மா இருக்காமல் நான் அவளிடம், கம்பையும் கம்பையும் கூட்டினால் என்ன வரும் என்று கேட்டுத் தொலைத்தேன்.

"கலங்கரை விளக்கத்தையும் மாதா கோயிலையும் கூட்டிச் சொல்லுங்க செக்ரட்டரி சார், பாப்போம்."

அந்த நிலைமையிலும் அண்ணாச்சி களுக்கென்று சிரித்துவிட்டார். சிரித்த வேகத்தில் அழுதும் விட்டார். அதற்குப் பிறகுதான் கவிழ்த்து வைத்த போனை எடுத்து மகளிடம் பேசினார். நான் தப்பு பண்ணிவிட்டேன் தாயி, இப்போது சரியான பக்கம் போகிறார்கள், ஜெபம் பண்ணு என்றார். தப்பு மெஷினுடையது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

பன்னிரண்டு மணிக்குச் சந்தியாகு சொன்ன இடத்துக்குப் போய்விட்டான். ஒன்றும் தெரியவில்லை என்றான்.  ருகையா அவனைச் சுற்றி மூன்று கிலோமீட்டர் வட்டத்தில் பார்க்கச் சொன்னாள், கடல் கணக்குக்குக் கட்டுப்பட்டுக் கிடக்காது, கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும் என்றாள்.

பன்னிரண்டு இருபதுக்கு வயர்லெஸ் கரகரத்தது.

"கெடச்சிட்டானுவ," என்றான் சந்தியாகு. "ரெண்டு பேரும். படகு பாதி முங்கிட்டு. ஐஸ் பெட்டி மூடியால தண்ணியை எறச்சிக்கிட்டு இருக்கானுவ."

அறை முழுக்க ஒரே கூச்சல். நான் ஜன்னலில் ஏறி நின்று வெளியே இருந்தவர்களுக்குக் கத்தினேன். வலைப் பெண்கள் குலவை போட்டார்கள். யாரோ என்னைக் கட்டிப்பிடித்தார்கள், நான் யாரையோ கட்டிப்பிடித்தேன். கிளாட்வினை வயர்லெஸ்ஸில் கொடுத்தார்கள். மாமா என்ற ஒற்றை வார்த்தைதான் அவனால் சொல்ல முடிந்தது. அண்ணாச்சி மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

ஆரவாரம் அடங்கிய பிறகு பார்த்தால் அண்ணாச்சி மறுபடியும் விசைப்பலகை முன்னால் உட்கார்ந்திருந்தார். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன். ஜீரோவைப் பழையபடி கலங்கரை விளக்கத்துக்கே மாற்றப் போகிறேன் என்றார்.  நானும் சரி என்றேன். தீர்மானத்தைக் கிழித்துப் போடுகிறேன், அந்தப் பாழாய்ப்போன சுவர் முனை நமக்கு வேண்டாம், பெரியவர்கள் அளந்த இடமே போதும் என்றேன்.

ருகையா அதிரசப் பையைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"டீச்சர்," என்றார் அண்ணாச்சி, திரும்பாமலே. "நான் ஜீரோவை நகத்தினதாலதானே இவ்வளவும். எங்க வச்சா ஆபத்து இல்லைன்னு நீங்களே சொல்லுங்க. அங்கேயே வச்சிருதேன். இனிமே தொடவே மாட்டேன்."

ருகையா அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"எங்க வேணும்னாலும் வைங்க அண்ணாச்சி. கலங்கரை விளக்கத்துல வைங்க, சுவர் முனையில வைங்க, உங்க வீட்டு அடுப்படியில கூட வைங்க. தினம் ஒரு இடமா மாத்துங்க. கம்போட எண்தான் மாறணும், கொடி மாறக்கூடாது. நீங்க மாத்துனது கடல்ல கிடக்கிற கிளாட்வினுக்கு மட்டும் தெரியக்கூடாது."